‘அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ’

மல்லாவிப் பக்கத்திலிருந்து 63 வயதுள்ள ஒரு பெண் இரண்டு கேள்விகளை எழுதியிருக்கிறார். சிறுவயதிலிருந்தே வயலிலும் தோட்டத்திலும் உழைத்தவர், கணவர் காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில், மகள் திருமணமாகி வவுனியாவில். முழங்கால் நோவு தொடங்கியதும் பிள்ளைகள் இருவரும் ஒரே குரலில், “அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ, ஆடுகளை வித்துப் போடுங்கோ, காசு நாங்கள் அனுப்புறம்” என்று சொல்லிவிட்டார்களாம். ஆறு ஆடுகளும் இன்னும் விற்கப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் பார்த்துக்கொள்கிறான். ஆனால் ஏழெட்டு மாதங்களாக அவருடைய பொழுது விறாந்தைக் கதிரையிலும் தொலைக்காட்சிக்கு முன்னாலும் கழிகிறது. சீனி கூடிவிட்டது, நித்திரை குறைந்துவிட்டது, கதிரையிலிருந்து எழும்பக் கைகளை ஊன்ற வேண்டியிருக்கிறது. இந்த வயதில் ஒரு பெண் உற்சாகமாகவும் நலமாகவும் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது அவருடைய முதற்கேள்வி. ஆயுள் முழுவதும் மண்வெட்டி பிடித்த எங்களுக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று எதற்கு என்பது இரண்டாவது.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் பொதுச் சுகாதாரத் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். எனக்கு இப்போது 68 வயது. இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதலாவதன் பதிலில் பாதி அதற்குள் இருக்கிறது.

வேலை உடம்பை ஒரு பக்கமாகவே பழக்குகிறது. களை பிடுங்குகிறவரின் முதுகும் இடுப்பும் மணிக்கணக்காக ஒரே நிலையில் இழுபடுகின்றன. குடம் சுமக்கிறவரின் ஒரு பக்க இடுப்பு மட்டும் பாரம் தாங்குகிறது. நெல் புடைக்கிறவரின் தோள் ஓயாமல் ஆடுகிறது, கால்களோ சும்மா இருக்கின்றன. ஆனாலும் அந்த வேலைகளுக்குள் நாங்கள் அறியாமலே சில நல்ல பயிற்சிகள் இருந்தன. வழுக்கும் வரம்பில் தலையில் சுமையுடன் நடந்தவருக்கு அதைவிடச் சிறந்த சமநிலைப் பயிற்சியை எந்த நிபுணராலும் கற்பிக்க முடியாது. குந்தியிருந்து அடுப்பு ஊதி எழும்பியவர் ஒரு நாளில் ஐம்பது தடவையாவது தொடைத் தசைகளுக்கு வேலை கொடுத்தார். இப்போது நடந்திருப்பது என்னவென்றால், உங்களைத் தேய்த்த வேலையோடு சேர்த்து உங்களைத் தாங்கிய வேலையையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டீர்கள். பிள்ளைகளின் அன்பை நான் குறை சொல்லவில்லை. பட்ட பாட்டுக்கெல்லாம் அம்மா இனியாவது ஆறட்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு உட்கார்ந்த பல அம்மாக்களை, இரண்டு வருடம் கழித்து நான் படுக்கையில் பார்த்திருக்கிறேன்.

காரணம் எளிமையானது. முப்பது வயதைக் கடந்த பிறகு பத்து வருடத்துக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டு வரை தசை குறைந்துகொண்டே போகிறது. அறுபதைத் தாண்டியதும் இந்த இழப்பு வேகமெடுக்கிறது. அசையாமல் இருந்தால் இன்னும் வேகம். பெண்களுக்கு இதற்கு மேலாக இன்னொன்று உண்டு. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு வருடங்களுக்குள், உடலில் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறைவதனால் என்புத் திணிவில் ஐந்தில் ஒரு பங்கு வரை கரைந்துபோகலாம். என்பு தன்மீது பாரம் விழும்போதுதான் தன்னைக் கட்டிக்கொள்கிறது, கதிரையில் இருக்கும்போது அல்ல. உங்கள் சீனி கூடியதற்கும் இதே கதைதான்: நாம் உண்ணும் மாப்பொருள் சீனியாக மாறி இரத்தத்தில் வரும்போது அதில் பெரும்பங்கை உள்வாங்குபவை தசைகள். அவை ஓய்ந்து கிடந்தால் சீனிக்குப் போக இடமில்லை. குளிசையைக் கூட்டுவதற்கு முன் கால்களை அசைத்துப் பாருங்கள்.

உங்கள் நிலையை நீங்களே அறிந்துகொள்ள ஒரு சோதனை சொல்கிறேன். கைப்பிடியில்லாத, ஆடாத ஒரு கதிரையைச் சுவரோடு அணைத்துப் போடுங்கள். கைகள் இரண்டையும் நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு இருந்து, பேரப்பிள்ளை ஒன்று கைத்தொலைபேசியில் முப்பது வினாடி பார்க்க, முழுமையாக எழும்பி மீண்டும் முழுமையாக உட்கார வேண்டும். 60 முதல் 64 வயதுப் பெண் ஒருவர் முப்பது வினாடியில் 12 தடவையாவது எழும்ப வேண்டும். 65 முதல் 69 வரை 11. 70 முதல் 79 வரை 10. 80 முதல் 84 வரை 9. இதற்குக் குறைந்தால் விழும் ஆபத்துக் கூடியவர் என்று பொருள். ஒட்டுசுட்டானுக்கு அருகே ஒரு வீட்டில், நாள் முழுவதும் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா இதைச் செய்யச் சிரித்துக்கொண்டே வந்தார். நாலாவது தடவையில் சிரிப்பு நின்றது, ஏழாவதில் கை தானாகத் தொடையை ஊன்றியது. “தங்கச்சி, என்ரை கால் எங்கை போச்சு?” என்று கேட்டார். அவருடைய கைகளும் தோள்களும் இரும்பு போல இருந்தன. வருடக்கணக்காக ஒரு முக்காலியில் இருந்தபடியே வேலை செய்து பழகியதால் தொடைகள் மெலிந்துவிட்டன. சோதனையையே பயிற்சியாக மாற்றிக்கொண்டார்: காலைத் தேநீருக்கு முன் பத்துத் தடவை, மாலையில் விளக்கேற்ற முன் பத்துத் தடவை. மூன்று மாதத்தில் கையூன்றாமல் பதின்மூன்று முறை எழும்பினார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்றும் கூறப்பட்டிருக்கிறது. இதை வன்னியின் நாளுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் உண்மையான கேள்வி. நடப்பதற்குக் குளக்கட்டை விட நல்ல இடமில்லை. மட்டமான பாதை, மரநிழல், தண்ணீர்க் காற்று. ஆனால் முத்தையன்கட்டுப் பக்கமும் நெடுங்கேணிப் பக்கமும் யானை இறங்கும் இடங்களில் விடியற்காலை இருட்டில் தனியே போவது மடமை. நன்றாக வெளித்த பிறகு, மூன்று நாலு பேராகப் போங்கள். பத்து மணிக்குப் பின் மூன்று மணி வரை வெயில் மனிதரை உருக்கிவிடும், அந்நேரம் வேண்டாம். பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது; அந்த வேகம்தான் மிதமான வேகம். சைக்கிள் ஓடுகிறவர்கள் அதை விட்டுவிட வேண்டாம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாமல் வன்னியே சைக்கிளில் ஓடியது. அந்தத் தலைமுறைப் பெண்களின் கால்வலுவை இன்றைய மோட்டார் சைக்கிள் பின்னிருக்கை தின்றுகொண்டிருக்கிறது. ஆசனத்தை மட்டும் இரண்டு பாதமும் நிலத்தில் படும் அளவுக்குப் பதித்துக்கொள்ளுங்கள்.

வலுவுக்கும் சமநிலைக்கும் தனியாக நேரம் தேட வேண்டாம். சோறு கொதிக்கும் வரை குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு குதிக்கால்களை உயர்த்தி இறக்கலாம். கதவுநிலையை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு ஒரு காலில் பத்து வினாடி நிற்கலாம். பிறகு ஒரு விரல், பிறகு விரலில்லாமல். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டை எடுத்துத் தோளுக்கு மேல் உயர்த்தி இறக்கலாம். கைப்பாரத்துக்குக் காசு கொடுத்துப் பொருள் வாங்க வேண்டிய தேவை இல்லை.

இனி உங்கள் முழங்கால். மூட்டுத் தேய்ந்துவிட்டது, ஆகவே அசைக்கக்கூடாது என்று நினைப்பது பரவலான தவறு. முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. அது மெலியும்போதுதான் பாரமெல்லாம் மூட்டில் இறங்குகிறது. கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி வளைத்து, ஐந்து வினாடி பிடித்து இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து, நாளுக்கு இரண்டு வேளை. முதல் இரண்டு வாரம் சற்று நோகும். மறுநாள் காலை நோவு முந்தைய நாளை விடக் கூடவில்லையென்றால் தொடரலாம். மூட்டு வீங்கிச் சுட்டால் மட்டும் நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். நிலத்தில் குந்துவதை நோவு அடங்கும் வரை குறைக்கலாம், ஆனால் நிலத்தில் இருந்து எழும்பத் தெரியாத நிலைக்கு உடம்பை விட்டுவிடாதீர்கள். ஒருநாள் விழ நேர்ந்தால் அந்தத் திறமைதான் உங்களை எழுப்பும்.

நோவுக்குளிசை பற்றி நான் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தைக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் “கால் நோவுக்கு ரெண்டு குளிசை தாருங்கோ” என்று கேட்டு, டைக்குளோபினாக் போன்றவற்றை மாதக்கணக்காக விழுங்கும் பழக்கம் எங்கள் பெண்களிடம் இருக்கிறது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகள், காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக நோய் காணப்படும் பகுதிகள். சீனியும் பிறசரும் ஏற்கெனவே சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. அதன்மேல் வெயிலில் உடம்பு வரண்டு, அதன்மேல் இந்தக் குளிசையும் சேர்ந்தால் சிறுநீரகம் எத்தனையைத் தாங்கும்? பரசிற்றமோலைச் சொன்ன அளவோடு எடுக்கலாம், நோவுக்களிம்பு பூசலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். மற்றக் குளிசைகளை வைத்தியர் எழுதித் தந்தால் மட்டும், சொன்ன நாட்களுக்கு மட்டும். வருடத்துக்கு ஒருமுறை கிளினிக்கில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் பெண்களிடமே காண்கிறேன்: பயணம் போகும் நாளில் வழியில் மலசலகூடம் இருக்காது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வயது போகப் போகத் தாக உணர்வே குறைந்துவிடும். தாகம் எடுத்தால் குடிப்போம் என்று இருக்கக்கூடாது.

விழுவதைப் பற்றி நான் புத்தகத்திலிருந்து பேசவில்லை. 61 வயதில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், மாரி மழைக்குப் பின் பாசி பிடித்திருந்த சீமெந்துத் தரையில், தேய்ந்த இறப்பர்ச் செருப்போடு வழுக்கினேன். விழும்போது கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்தது. நான் காட்டிய வைத்தியசாலையில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்து என்பு முறிவது என்புத் தேய்வின் முதல் அறிவிப்பு என்பதையும், என்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. தாதியான நானும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னவள் தனக்கென்று வந்தபோது மறந்தேன். ஆகவே ஐம்பது வயதுக்குப் பின் சிறு விழுகையில் என்பு முறிந்த எந்தப் பெண்ணும் அதைக் கேட்டேயாக வேண்டும். இடுப்பு முறிவு இதனிலும் கொடியது. எழும்பி நடந்தாலும் பழைய நடை பலருக்குத் திரும்புவதில்லை.

இரவில் வளவின் மூலையிலுள்ள மலசலகூடத்துக்குப் போகிறவர்கள் ரோச் லைட்டைத் தலையணைக்கு அருகில் வைத்திருங்கள். அது விழாமல் இருக்கவும் உதவும், புடையன் பாம்பின் மேல் கால் வைக்காமல் இருக்கவும் உதவும். பிறசர்க் குளிசை எடுப்பவர்கள் படுக்கையிலிருந்து எழும்பியதும் ஒரு நிமிடம் கட்டிலின் விளிம்பில் இருந்துவிட்டு நடக்க வேண்டும். சட்டென்று எழும்பினால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கண்ணில் வெண்புரை வளர்ந்தவர்கள் அதை வயதின் இயல்பென்று ஏற்றுக்கொண்டு தட்டித் தடவ வேண்டியதில்லை; சிறிய சத்திரசிகிச்சை ஒன்றில் பார்வை திரும்பும்.

உணவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எங்கள் பெண்கள் உடனே குரக்கனுக்கு வந்துவிடுவார்கள். குரக்கன் நல்லது, அதில் சுண்ணாம்புச் சத்தும் நாரும் அரிசியை விடக் கூட. ஆனால் சீனி வருத்தம் உள்ளவர் மூன்று நீத்துப்பெட்டி குரக்கன் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு “நான் சோறு தொடவில்லை” என்று சொல்வதில் பயனில்லை, அதுவும் மாப்பொருள்தான். கோப்பையில் பாதி மரக்கறியும் இலைக்கறியும், கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ, மிச்சக் கால்வாசி சோறு அல்லது பிட்டு என்பதே கணக்கு. உண்மையில் நான் கவலைப்படுவது சோறு கூடுவதைவிடப் புரதம் குறைவதைப் பற்றித்தான். மீன் குழம்பின் நடுத்துண்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய், தலையும் குழம்பும் அம்மாவுக்கு வருவது எங்கள் வீடுகளின் எழுதாத சட்டம். தனியாக இருக்கும் அம்மாவோ தனக்கென்று கறி வைப்பானேன் என்று சம்பலோடு முடித்துக்கொள்கிறார். வயதான உடம்பு தசையைக் காக்க, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்குக் குறையாத புரதம் நாளொன்றுக்கு வேண்டும். 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு 50 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான் என்று சொன்னால் எவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறோம் என்பது விளங்கும். குளத்து விராலும் ஜப்பான் மீனும், முல்லைத்தீவுக் கடலின் சூடையும் நெத்தலியும், பாசிப்பயறும், உழுந்தும், முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு வாங்கிவரும் கச்சானும் எங்கள் கைக்கெட்டியவை. நெத்தலியை முள்ளோடு மென்று தின்றால் என்புக்கான சுண்ணாம்புச் சத்தும் சேரும். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி வேலியோரத்தில் நிற்கின்றன.

கருவாடும் அப்பளமும் மோர்மிளகாயும் நாக்குக்கு ருசி, பிறசருக்கு எதிரி; ஒருவர் ஒரு நாளில் எடுக்க வேண்டிய உப்பு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். விரதங்களை நான் தடுக்க மாட்டேன், நானும் பிடிக்கிறேன். ஆனால் சீனிக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் கந்தசஷ்டிக்கு முன் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். மருந்தைப் போட்டுவிட்டுப் பட்டினி இருந்தால் சீனி இறங்கி மயங்கி விழுவீர்கள். சீனிக்குக் கொடுக்கும் மெற்போமின் குளிசையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி 12 குறையலாம். கால் விறைப்பை எல்லாம் சீனியின் தலையில் போடாமல் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பெண்கள் என்னிடம் வாசல் வரை வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, பிறகு திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொல்லும் சில விடயங்கள் உண்டு. தும்மினால், சிரித்தால், பாரம் தூக்கினால் சிறுநீர் கசிகிறது; அடிவயிற்றில் ஏதோ இறங்குவது போல இருக்கிறது. இதற்காகவே கோயிலுக்குப் போவதை நிறுத்தியவர்கள், பேருந்துப் பயணத்தை விட்டவர்கள், துணி மணக்குமென்று யாருக்கும் பக்கத்தில் இருக்காதவர்கள் பலர். பல பிள்ளைகளைப் பெற்று, பெற்ற சில வாரத்திலேயே குடமும் விறகும் சுமந்த பெண்களுக்கு இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்வது வியப்பல்ல, வெட்கத்துக்குரியதும் அல்ல. சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே இழுத்து, சில வினாடி பிடித்து, விடுங்கள். ஒரு தடவையில் எட்டுக்குக் குறையாமல், நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். மூச்சை அடக்கக்கூடாது, வயிற்றை இறுக்கக்கூடாது. பேருந்தில் இருந்தும் செய்யலாம், ஒருவருக்கும் தெரியாது. கருப்பை இறங்கியிருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு, எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படுவதும் இல்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதை “சூடு” என்று விட்டுவிடாதீர்கள்; அந்த வாரமே காட்ட வேண்டும். மார்பில் கட்டி, காம்பு உள்ளிழுத்தல் ஆகியவையும் அப்படியே.

எங்கள் மண்ணுக்கே உரிய ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். 2009இலோ அதற்கு முன்போ காயப்பட்ட பலரின் உடம்பில் ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன, நோகாததால் மறந்துபோயிருக்கும். முதுகுக்கோ மூளைக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்க எழுதினால் அந்தக் காந்தப் பொறிக்குள் போவதற்கு முன் கட்டாயம் அதைச் சொல்லுங்கள், தழும்பு சிறிதாக இருந்தாலும் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவைப்பது இன்னும் நல்லது. அரச வைத்தியசாலைகளோடு இணைந்த ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயதைக் கடந்தவர்களுக்குச் சீனி, பிறசர் முதலியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். வருத்தம் வந்த பிறகுதான் போக வேண்டும் என்பதில்லை.

உற்சாகம் என்று கேட்டிருந்தீர்கள். வன்னியில் ஒரு வயதான பெண்ணிடம் மகிழ்ச்சியாக இருங்கள் என்று சொல்ல எனக்கு எப்போதும் தயக்கம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களது தொடர்போராட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் தாய்மார். பதில் கிடைக்காமலே பலர் கண்மூடிவிட்டார்கள். அப்படியான ஊரில் சிரிப்பதே துரோகம் என்று நினைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு முற்றத்தில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் சொன்ன பகிடிக்கு எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் சிரித்த வாயைச் சேலைத் தலைப்பால் மூடி, சட்டென்று நிறுத்தி, கச்சான் கோதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் சுளகிலிருந்து ஒரு பிடி கச்சானை எடுத்து அவருடைய சுளகில் போட்டார். நான் கொடுத்த எந்த ஆலோசனையையும் விட அது பெரிய சிகிச்சை என்று எனக்குப் பட்டது. துக்கம் போன பிறகுதான் மகிழ்ச்சி வரும் என்று காத்திருக்க முடியாது. இரண்டும் ஒரே முற்றத்தில் இருக்கும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது பொழுதுபோக்கு அல்ல, ஆட்கள். தொலைக்காட்சிக்கு முன் இருக்கும் நேரம் ஆட்களோடு இருக்கும் நேரமாகாது. கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு முதியோர் அடையாள அட்டையும் கிடைக்கும். மாதர் சங்கத்தில் சேமிப்புக்கென்று கூடுவதே ஒரு துணை. வைகாசி விசாகத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போங்கள். உப்புநீரில் விளக்கெரியும் என்று அடியார்கள் நம்பும் அந்தச் சந்நிதியில், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் காணக்கூடிய முகங்களைக் காண்பீர்கள். ஆனால் சீனி உள்ளவர்கள் நண்பகல் மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பாத உணர்வு குறைந்தவருக்குக் கொப்புளம் போட்டதே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் முல்லைத்தீவைக் கடக்கும்போது, அவர்களுக்குள் எழுபது வயதுப் பெண்களையும் கண்டிருக்கிறேன். களைத்த கால்கள், ஆனால் அந்தக் கூட்டத்தின் கலகலப்பில் ஒருவரும் தனியாக இல்லை.

நித்திரை குறைந்ததற்குப் பகலில் அசையாமல் இருப்பதும், மத்தியானம் இரண்டு மணிநேரம் தூங்குவதும், மாலைத் தேநீரும் காரணமாக இருக்கலாம். பகல் தூக்கத்தை அரைமணிக்குள் நிறுத்துங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக ஒன்றிலும் நாட்டமில்லை, பசியில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து நெஞ்சு படபடக்கிறது, இருந்தென்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் அது வெறும் கவலை அல்ல, சிகிச்சையுள்ள நோய். வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போவதில் குறைவில்லை. 1926 என்ற இலக்கத்தில் தேசிய உளநல உதவிச் சேவையோடு பேசலாம்.

இனி ஆடுகள். பிள்ளைகள் சொன்னதில் பாதி சரி. ஆறு ஆடுகளுக்கும் கொக்கத்தடியால் நாள்தோறும் குழை ஒடிப்பது உங்கள் தோளுக்கும் முழங்காலுக்கும் கூடுதல். நாலை விற்றுவிடுங்கள்; சாதுவான இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழும்ப ஒரு காரணமும், வளவுக்குள் நாலு தடவை நடக்க ஒரு காரணமும், குட்டி போட்டால் அயலட்டை வந்து பார்க்க ஒரு காரணமும் அவை தரும். அவிழ்த்துக் கட்டும்போது கயிற்றை மட்டும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நாயைக் கண்டு ஆடு பாய்ந்தால் மணிக்கட்டோடு உங்களையும் இழுத்து விழுத்தும். நாலு ஆடு விற்ற காசில் முதல் வேலையாகக் கிணற்றடிப் பாசியைச் சுரண்டிப் புதிதாகச் சீமெந்து போடுங்கள், குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புக் குழாயும் பதியுங்கள். மேசன் நிலத்தைக் கண்ணாடி போல மினுக்கிப் பூசத்தான் விரும்புவார். விடாதீர்கள், ஈரம் காய முன்னர் விளக்குமாற்றால் குறுக்கே கோடிழுத்துச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள்.